மேரி குவாண்டா, பீபாவா?

அறுபதுகளின் லண்டன் உடை ஒன்றாவது வேண்டும் என்பவர்கள் கடைசியில் தடுமாறுவது இந்த இரண்டு லேபிள்களுக்கு நடுவேதான்.

விலை (அன்று):
குவாண்ட் – வடிவமைப்பாளர் மேரி குவாண்ட் 1955இல் கிங்ஸ் ரோட்டில் திறந்த ‘பஸார்’ கடை சாதாரணச் சம்பளக்காரிக்கு எட்டாக்கனி. 1963இல் அவரது மலிவு லேபிளான ‘ஜிஞ்சர் குரூப்’ வந்த பிறகுதான் கொஞ்சம் இறங்கியது.
பீபா – 1964இல் பீபாவைத் தொடங்கிய பார்பரா ஹுலானிக்கியின் ரோஸ் கட்டம்போட்ட கவுன் 25 ஷில்லிங். பத்திரிகையில் வந்ததும் தபாலில் சுமார் 17,000 ஆர்டர்கள்! வாரச் சம்பளத்திலேயே வாங்கிவிடலாம் என்பதுதான் ரகசியம்.

உழைப்பு:
குவாண்டின் ஜெர்சி (பின்னல் துணி) கவுன் தாக்குப்பிடிக்கும். பிவிசி மழைக்கோட்டை மட்டும் தொட்டுப் பார்த்து வாங்குங்கள், பழசானால் பிசுபிசுக்கும்.
பீபாவில் விலைக்கேற்ற தையல்தான்.

அளவு:
குவாண்ட் – தளர்வு, ஓடிப்போய் பஸ் பிடிக்கலாம்.
பீபா – ஒடுங்கிய தோள், இறுக்கமான கை. ஒல்லிக்குச்சிகளுக்கே தைத்ததுபோல் இருக்கும்.

நிறம்:
குவாண்ட் பளிச். பீபா துரு, கத்தரிப்பூ, மங்கிய பழுப்பு. எனக்கு இதுதான் அழகு.

உடுத்திக்கொண்டு வெளியே போக ஜிஞ்சர் குரூப் லேபிளைத் தேடுங்கள். அலமாரியில் மாட்டி ரசிக்க மட்டும் என்றால், கண்ணை மூடிக்கொண்டு பீபா.