முந்தும் விதையா, காத்திருக்கும் விதையா?

பாலைவன மண்ணில் விழுந்த விதைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஈரம் பட்டதும் முளைத்துவிடலாம்; இல்லையேல் உறங்கிக் கிடந்து நல்ல மழைக்குக் காத்திருக்கலாம். எது மேல் என்பதை மழைதான் தீர்மானிக்கிறது என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். மண்ணில் வாழும் பூஞ்சைக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

அமெரிக்காவின் கிரேட் பேசின் குளிர்ப்பாலையில் பரவிக் கிடக்கும் சீட்கிராஸ் புல்லைப் பாருங்கள். யூரேசியாவிலிருந்து வந்தேறிய களை அது. கோடையில் காய்ந்து காட்டுத்தீக்குத் தீனியாகிறது. அதன் விதைகளைப் பைரெனோஃபோரா செமெனிபெர்டா என்ற பூஞ்சை தாக்குகிறது. செத்த விதையை உற்றுப் பார்த்தால் உமியைக் கிழித்துக்கொண்டு சில மில்லிமீட்டர் நீளத்தில் கரிய குச்சிகள் நீட்டி நிற்கும். ஆய்வாளர்கள் அவற்றை 'மரணத்தின் கரிய விரல்கள்' என்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். ஆனால் தொற்றிய விதையெல்லாம் சாவதில்லை. விரைந்து முளைக்கும் விதை, உள்ளிருக்கும் உணவைப் பூஞ்சை தின்று தீர்ப்பதற்குள் வேர்விட்டுத் தப்பிவிடும். உறங்கும் விதையும் மெல்ல முளைக்கும் விதையுமே பெரும்பாலும் பலியாகின்றன. இங்கே முந்துவதுதான் பிழைக்கும் வழி.

மெக்சிகோவின் வறண்ட மேட்டுநிலச் சப்பாத்திக்கள்ளிக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஒபுன்சியா ஸ்ட்ரெப்டகாந்தா என்ற இனத்தின் விதையைச் சுற்றி எலும்புபோல் இறுகிய உறை இருக்கிறது. உள்ளிருக்கும் கரு அதை எளிதில் முட்டித் திறக்க முடியாது. மண்ணில் கிடக்கும் காலத்தில் பெனிசிலியம், டிரைக்கோடெர்மா போன்ற பூஞ்சைகளின் இழைகள் அந்த உறைக்குள் ஊடுருவி அரிக்கின்றன. உறை தளர்ந்த பிறகு வேர்முனை வெளியே வருகிறது. இங்கே காத்திருந்த விதைக்கே ஆதாயம்.

 

இரண்டு இடத்திலும் பூஞ்சை செய்வது ஒன்றுதான்: மேலுறையைத் துளைத்து உள்ளே போகிறது. புல்லின் மெல்லிய உமிக்குள் உணவு உடனே கிடைத்துவிடுகிறது. கள்ளியின் கெட்டி உறையிலோ அரிப்பதற்கே நெடுநாள் பிடிக்கிறது. ஆகவே பூஞ்சையை நல்லது, கெட்டது என்று பிரிப்பதைவிட, உறையின் கனத்தையும் முளைக்கும் வேகத்தையும் முதலில் பார்ப்பதே சரி என்பேன். பாலைநிலத்தை மீட்கும் பணியில் இது நேரடியாக உதவும். மரண விரல் பூஞ்சை கிரேட் பேசினின் நாட்டுப் புற்களின் விதைகளையும் கொல்லும் என்பதால், அவற்றை விதைக்குமுன் பூஞ்சைக்கொல்லி பூசுவதில் நியாயம் இருக்கிறது. கள்ளி விதைக்கு அதையே பூசினால், உறையைத் தளர்த்தும் இழைகளும் சேர்ந்தே அழியும்.