மலைநாட்டு ஈரத்தில் ஒரு வருடம் ஓடிய ஸ்பீக்கர்கள்: பாவனைக் குறிப்பு

கடையில் பாட்டுப் போட்டுக் காட்டும்போது எந்த ஸ்பீக்கரும் நன்றாகத்தான் கேட்கும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் அது தாக்குப்பிடிக்குமா என்பது, வைகாசி மழை தொடங்கி மாசிப் பனி முடியும்வரை பாவித்த பிறகுதான் தெரியும். இங்கே பார்ப்பது மூன்று வகை: உள்ளங்கையில் அடங்கும் புளூடூத் பெட்டி, எஃப்எம்மும் சிப்பும் (மெமரி கார்ட்) பென்டிரைவும் போடக்கூடிய நடுத்தர உருளை, திருவிழாவுக்கும் சடங்கு வீட்டுக்கும் இழுத்துப்போகும் ட்ரொலி ஸ்பீக்கர். மூன்றிலும் முதலில் போவது சார்ஜ் ஓட்டை, அடுத்தது பட்டரி. சத்தத்தில் குறை வர வெகு நாளாகும். ஆகவே பேஸ் பற்றி இங்கே அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் வோட் கணக்கு. சின்னப் பெட்டி ஒன்றில் 50 வோட் என்று எழுதியிருக்கிறது, உள்ளே 3.7 வோல்ட், 1200 எம்ஏஎச் (அதாவது 1.2 எம்பியர்-மணி) பட்டரி என்று வைப்போம். இரண்டையும் பெருக்கினால் 4.4 வோட்-மணி. உண்மையிலேயே 50 வோட் இழுத்தால் ஐந்து நிமிடத்தில் அணைந்துபோகும். பி.எம்.பி.ஓ. என்ற எழுத்தோடு வரும் எண்கள் எல்லாம் இந்த ரகம். ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய வோட், என்று போட்டிருப்பதை மட்டும் பாருங்கள். ஜேபிஎல் கோ 3 என்ற சின்னப் பெட்டியில் அது 4.2 வோட்தான், ஒரு காம்பராவுக்குத் தாராளம். 5 வோட்டிலிருந்து 10 வோட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல். காதுக்குக் 'கொஞ்சம் கூடியிருக்கு' என்று படும், அவ்வளவுதான். தகரக் கூரையில் மழை அடித்து ஊற்றும்போது நாலு வோட்டும் கேட்காது, பத்து வோட்டும் கேட்காது. அந்த நேரம் சத்தத்தை முழுதாக ஏற்றினால் பாட்டு கரகரக்கத் தொடங்கும். பெட்டியைச் சுவர் மூலைக்குத் தள்ளி வைத்தால் பேஸ் சும்மாவே கூடும். பழைய லயத்துக் கருங்கல் சுவர் இதற்கு நல்ல வசதி.

இனி ஈரம். பெட்டியில் ஐபிஎக்ஸ்7 என்று இருந்தால், 1 மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது என்று பொருள். ஐபி67 என்றால் தூசும் போகாது. புதுப் பெட்டிக்கு, ரப்பர் மூடி உள்ளவற்றில் அது இறுக்கமாக இருக்கும்போது, செய்த சோதனை அது. மாதக்கணக்கில் விலகாத மூடுபனிக்கும், காலை-இரவுக் குளிர் வித்தியாசத்துக்கும் அந்த எண் உத்தரவாதம் இல்லை. 1868 மீட்டர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவில் தை, மாசி இரவுகளில் புல்லில் உறைபனி படியும் நாட்கள் உண்டு. அந்தக் குளிரில் இஸ்தோப்பில் கிடந்த பெட்டியை அடுப்பெரியும் குசினிக்குள் கொண்டுவந்தால், கண்ணாடியில் வேர்ப்பது போல ஸ்பீக்கரின் மேலும் ஓட்டைக்குள்ளும் வேர்க்கும். மூடி சரியாக உட்காராத பெட்டியானால் உள் பலகை வரைக்கும் போகும். அந்த நேரம் சார்ஜ் போட்டால், ஈரத்தோடு 5 வோல்ட் சேர்ந்து ஓட்டையின் செப்புக் கால்களைத் தின்னும். பச்சைக் களிம்பு பிடிப்பது இப்படித்தான்.

தடுக்கும் வழி லேசு. வெளியிலேயே பெட்டியைப் பொலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டி, உள்ளே கொண்டுவந்து ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். வேர்ப்பது பைக்கு மேலே நடக்கும். பெட்டியும் அறையும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு பையை அவிழ்த்துச் சார்ஜ் போடலாம்.

களிம்பு ஏற்கெனவே பிடித்திருந்தால் பெட்டியை அணைத்து, காய்ந்த பழைய டூத்பிரஷால் ஓட்டையைத் தட்டிவிடுங்கள். பிறகு பிரஷ் நுனியில் இரண்டு துளி ஸ்பிரிட் தொட்டு, கால்களின் மேல் முன்னும் பின்னும் தேயுங்கள். ஐசோபுரோப்பைல் அல்கஹோல் 90 சதவீதத்துக்கு மேல் கிடைத்தால் நல்லது. பாமசியில் வாங்கும் ஸ்பிரிட்டில் தண்ணீர் கூடுதலாக இருக்கும். பாவிக்கலாம், காயவிடும் நேரத்தை இரண்டு மடங்காக்க வேண்டும். கை கழுவும் சனிடைசர் வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் ஒட்டிக்கொண்டு அழுக்கைப் பிடித்து வைக்கும். ஊசியால் சுரண்டுவது அதைவிட மோசம், உள்ளே இருக்கும் மெல்லிய நாக்கு உடைந்தால் ஓட்டையையே மாற்ற வேண்டும்.

நனைந்த பெட்டியை அரிசிக்குள் புதைக்கும் வைத்தியம் எல்லா வீட்டிலும் உண்டு. அரிசி இழுக்கும் ஈரம் சொற்பம், மாவுத்தூள் ஓட்டைக்குள் போவது மிச்சம். அடுப்புக்கு மேலே பரணில் வைப்பதும் ஆகாது: லிதியம் பட்டரிக்கு 60 பாகை தாண்டினால் ஆபத்து, போதாக்குறைக்கு விறகுப் புகை ஈரத்தோடு சேர்ந்து ஸ்பீக்கர் தோலில் பிசினாகப் படியும். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் வெள்ளைச் சிலிக்கா மணிப் பைகளைச் சேர்த்து, இறுக மூடும் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு, பெட்டியை ஒரு இரவு அதற்குள் வைத்தால் போதும். மணி ஈரம் குடித்து ஓய்ந்தபின், சமையலுக்கு எடுக்காத பழைய தாச்சியில் கொட்டி மெல்லிய சூட்டில் வறுத்துத் துணியில் முடிந்துகொள்ளலாம். நீல மணி கிடைத்தால் வறுக்க வேண்டாம், அதில் கோபால்ட் உப்பு இருக்கலாம்.

சார்ஜில் அடிக்கடி வரும் முறைப்பாடு: 'டைப்-சி என்று சொல்லித் தந்தார்கள், புது ஃபோன் சார்ஜரில் ஏறவே இல்லை.' பெட்டி பழுதாக இருக்க வேண்டியதில்லை. இரு பக்கமும் சி முனையுள்ள வயரில், எதிரே ஒரு கருவி இருக்கிறது என்று சார்ஜருக்குச் சொல்ல ஓட்டையில் இரண்டு 5.1 கிலோ ஓம் தடையிகள் வேண்டும். மலிவுப் பெட்டிகளில் அவற்றைப் போடாமல் விடுகிறார்கள். சார்ஜர் பக்கம் தட்டையான பழைய யூஎஸ்பி-ஏ முனையுள்ள வயரைப் போட்டால் உடனே ஏறும். 500 மில்லியம்பியர் இழுக்கும் பெட்டிக்கு 1200 எம்ஏஎச் நிரம்ப மூன்று மணி நேரம் பிடிக்கும். பெரிய சார்ஜர் போட்டாலும் இது குறையாது.

பொழுதுபட்டு எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் நேரம் வோல்டேஜ் விழும் லயங்களில் ஃபோன் சார்ஜருக்குப் பிரச்சினை இல்லை, அது 100 வோல்ட் வரை சமாளிக்கும். ட்ரொலியோடு வரும் கனமான பழைய டிரான்ஸ்ஃபோமர் சார்ஜர் அப்படியில்லை. லைன் விழுந்தால் அதன் வெளியீடும் விழும், விடியவிடியப் போட்டாலும் பட்டரி நிரம்பாது. இரவு பத்துக்குப் பிறகோ பகலிலோ போடுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழங்கினால் எந்தச் சார்ஜரையும் பிளக்கிலிருந்தே கழற்றிவிடுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் காணாது.

எஃப்எம்முக்கு வருவோம். ஜேபிஎல் கோ 3 போன்ற பெட்டிகளில் எஃப்எம்மும் இல்லை, சிப் ஓட்டையும் இல்லை. ஃபோனில் டேட்டா முடிந்தால் அதில் உள்ள பாட்டுத்தான். சூரியன், சக்தி, தென்றல் வானொலிகளைக் கேட்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் நடுத்தர உருளையே பொருத்தம். இவற்றில் பலவற்றுக்குத் தனி ஏரியல் கிடையாது, சார்ஜ் வயர்தான் ஏரியல். எஃப்எம் அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதில் காற்பங்கு, அதாவது 75 சென்ரிமீட்டர் வயர் நன்றாகப் பிடிக்கும். வயரைச் செருகி நீளமாகத் தொங்கவிடுங்கள், மற்ற முனையைச் சார்ஜரில் மாட்டாதீர்கள். மாட்டினால் சார்ஜரின் இரைச்சல் முழுவதும் ரேடியோவில் கேட்கும். பெட்டியைத் தகரத்துக்குக் கீழே நடு அறையில் வைக்காமல் பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னலில் வைத்து, பாட்டுப் பட்டனை அழுத்திப் பிடித்து அங்கேயே ஸ்கேன் செய்யுங்கள். மலையில் பட்டுத் திரும்பும் அலையும் நேரே வரும் அலையும் மோதுவதால் ஓரிடத்தில் செத்திருக்கும் நிலையம் அரை மீட்டர் தள்ளினால் உயிர்பெறும். ஹட்டனில் கேட்ட எண்ணில் பதுளையில் அதே நிலையம் வராமல் போகலாம். ஊர் மாறினால் மறுபடி ஸ்கேன்.

சிப்பில் பாட்டு ஏற்றுபவர்களுக்கு மூன்றே விஷயம். பல பெட்டிகள் 32 ஜிபி வரை, ஃபேட்32 முறையில் ஃபோமட் செய்த சிப்பைத்தான் படிக்கும். அதோடு ஃபோனில் இறக்கும் எம்4ஏ கோப்பு பலவற்றில் ஓடாது, எம்பி3 ஆக மாற்ற வேண்டும். பாட்டு பெரும்பாலும் பெயர் வரிசையில் வராமல் ஏற்றிய வரிசையிலேயே வரும். விடிய சாமி பாட்டு முதலில் வேண்டுமென்றால் அதை முதலில் ஏற்றுங்கள்.

புளூடூத்தில் ஒரு சங்கடம்: இந்தப் பெட்டிகளுக்கு இரகசிய எண் கிடையாது. உங்கள் ஃபோன் இணையாத நேரம் பக்கத்துக் காம்பராப் பையன் இணைந்துவிடுவான், பக்திப் பாட்டு எதிர்பார்த்த வீட்டில் குத்துப்பாட்டு கேட்கும். பாவிக்காத நேரம் அணைத்து வைப்பதே மருந்து.

ட்ரொலி ஸ்பீக்கரில் பெரும்பாலும் 12 வோல்ட் ஈயப் பட்டரி, 4.5 அல்லது 7 எம்பியர்-மணி. 4.5 என்றால் 54 வோட்-மணி. 20 வோட் இழுக்கும் சத்தத்தில் கணக்குப்படி இரண்டே முக்கால் மணி நேரம், நடைமுறையில் இரண்டு. காமன் கூத்து விடியவிடிய நடக்கும் இடத்துக்கு அதை மட்டும் நம்பிப் போகக்கூடாது. இந்தப் பட்டரியைக் கொல்வது பாவனையைவிடச் சும்மா கிடப்பதுதான். திருவிழா முடிந்து வெறும் பட்டரியோடு மூலையில் தள்ளி, அடுத்த வருடம் எடுத்தால், தகட்டில் சல்பேட் கட்டியாகி எந்தச் சார்ஜும் ஏற்காது. வந்த அன்றைக்கே நிரப்புங்கள், பிறகு மாதம் ஒருமுறை. மீற்றர் இருந்தால், சார்ஜ் கழற்றிச் சில மணி நேரம் கழித்து 12.7 வோல்ட் காட்ட வேண்டும். 12க்குக் கீழே என்றால் உடனே போடுங்கள். மாற்றும்போது வோல்ட்டோடு நீள, அகல, உயரத்தையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள், 4.5 இருந்த இடத்தில் 7 பெரும்பாலும் நுழையாது. சிவப்பு வயர் பிளஸ்ஸில், ஃபியூஸ் இருந்தால் அதே அளவில்.

ட்ரொலியின் பெட்டி அமுக்கிய மரத்தூள் பலகை. சீமெந்துத் தரையில் நேரே வைத்தால் ஒரு மழைக் காலத்தில் அடிப்பலகை உப்பி, சில்லுத் திருகாணி கழன்றுவிடும். இரண்டு அங்குலக் கட்டை மேலே ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். காகிதக் கூம்பில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் காய்ந்த மென்பிரஷால் துடைத்தால் போதும், ஈரத்துணி படக்கூடாது. கூம்பை நான்கு விரலால் சமமாக மெல்ல அழுத்திப் பாருங்கள்: உரசும் சத்தம் கேட்டால் உள்ளே சுருள் இடம் மாறிவிட்டது, ஸ்பீக்கரையே மாற்ற வேண்டும். விளிம்பு ஸ்பொஞ்சு மட்டும் உதிர்ந்திருந்தால் டவுனில் ரேடியோ திருத்துபவரிடம் விளிம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.