‘1857 சிப்பாய், அசல் ஆல்புமன்’: இந்த விளம்பரத்தைப் பார்த்தால் உஷார்

தலைப்பாகை கட்டிய சிப்பாய், காபினெட் கார்டு (படம் ஒட்டிய தடித்த அட்டை), பின்பக்கம் ஸ்டூடியோ பெயர். 1857-இல் எடுத்த அசல் ஆல்புமன், அதாவது முட்டை வெண்கரு பூசிய காகிதத்தில் போட்ட பிரின்ட் என்று சொல்லி, இணையத்தில் ஒரு விற்பனையாளர் இதை 18,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டிருக்கிறார். பழையது என்று அதில் தேறியது அட்டை மட்டும்தான்.

108 x 165 மி.மீ. காபினெட் கார்டு புழக்கத்துக்கு வந்ததே 1866 வாக்கில்தான். பழைய நெகட்டிவிலிருந்து பிறகு அச்சிட்டது என்று சமாளிப்பார்கள், அப்படியும் நடந்ததுண்டு. அதனால் மார்பைப் பாருங்கள். கிரீடத்தில் தொங்கும் ஐந்துமுனை வெண்கல நட்சத்திரம்! 1880 ஆகஸ்டில் பிரிட்டிஷ் தளபதி ராபர்ட்ஸ் காபூலிலிருந்து காந்தஹாருக்குப் படை நடத்திப் போனதற்குக் கொடுத்தது அது. விளம்பரத்தில் அந்த இடம் மட்டும் மங்கலாக இருந்தது தற்செயல் இல்லை.

லூப் (கைப் பூதக்கண்ணாடி) வைத்ததும் மிச்சமும் வெளுத்தது. 10 மடங்கிலேயே முகமெங்கும் வரிசையாகப் புள்ளிகள். ஏதோ பத்திரிகையின் ஹாஃப்டோன் (புள்ளிகளால் படம் காட்டும்) அச்சை வெட்டி, வேறொரு அட்டையில் ஒட்டியிருக்கிறார்கள். ஆல்புமனில் புள்ளி வராது. 30 மடங்கில் படத்தின் ஊடே காகித நார் தெரியும், மேலே மெல்லிய வெடிப்புகள் ஓடும், வெளிர் பகுதிகள் மஞ்சளித்திருக்கும். நார் மறைந்து, கறுத்த இடங்களில் வெள்ளி மினுக்கம் தெரிந்தால் பெரும்பாலும் பிந்தைய ஜெலட்டின் பிரின்ட். யுவி டார்ச்சில் காகிதம் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் பேச்சே வேண்டாம். வெளுப்பூட்டி கலந்த காகிதம் 1950-ஐ ஒட்டி வந்தது.

கூடவே கணினியில் வண்ணம் ஏற்றிய பிரதி இலவசம், கோட்டுக்குக் கருநீலம் பூசி. அதை நம்பி ரெஜிமென்டைத் தீர்மானித்தால் கதை கந்தல். அந்தக் காலத்தில் படம் பிடித்த கண்ணாடித் தகடுகளில், ஈரமாகப் பயன்பட்ட கொலோடியன் தகடும் பின்னால் வந்த சாதாரண உலர் தகடும் சிவப்பைக் காணாது. சிவப்புக் கோட்டு கறுப்பாக விழும், மஞ்சள் கழுத்துப்பட்டையும் கறுக்கும், நீலத் தலைப்பாகை வெளுத்துப்போகும். கண்ணாடியிலேயே நேரடியாக எடுத்த ஆம்ப்ரோடைப்பில் இடம் வலமாக மாறுவதால் பதக்கம் வலது மார்பில் தெரிவது இயல்பு. காகிதப் பிரின்டில் அப்படி இருந்தால் எதையோ பார்த்து எடுத்த நகலா என்று கேளுங்கள்.

மதராஸ் படைப் படங்களில் நடப்பது வேறு வகை. 1903-இல் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதி கிச்சனர் படைப்பிரிவு எண்களை மாற்றியபோது பெரும்பாலான மதராஸ் காலாட்படைகளின் பழைய எண்ணோடு 60 கூடியது. 13-ஆவது படை 73 ஆனது. தோளில் 73 தெரியும் படத்தை ‘மதராஸ், 1880’ என்று விற்றால் விட்டுவிடுங்கள். சீருடை முத்திரையில் உள்ள கிரீடத்தின் வளைவு நடுவில் பள்ளமாக இறங்காமல் குமிழாக உயர்ந்திருந்தால் அதுவும் 1901-க்குப் பிந்தையது.

அந்தச் சிப்பாய் படத்தை வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “ஃப்ரேமைப் பிரித்துவிட்டீர்கள், பணம் தர முடியாது” என்று விற்பனையாளரிடமிருந்து பதில். ஆகவே பணம் கட்டும் முன்பே ஃப்ரேமுக்கு வெளியே எடுத்த படங்களைக் கேளுங்கள்: பின்பக்கம், ஒட்டிய ஓரம், சாய்ந்த வெளிச்சத்தில் மேற்பரப்பு, லூப் வழியாகக் கறுத்த பகுதி. பார்சல் பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். சந்தேகம் வந்தாலும் தண்ணீர் தொட்டு அட்டையிலிருந்து உரிக்காதீர்கள்; ஒட்டுவேலைக்கான ஆதாரமே அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.