தம்பிக்குக் குழு தேடியபோது: மூன்று வழிகளும் நான் சாய்ந்த பக்கமும்

என் தம்பிக்கு அப்போது 19 வயது. கஞ்சாவில் தொடங்கி வலி மாத்திரையில் வந்து நின்றிருந்தான். மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்து உடம்பு தேறி வீடு திரும்பினான். சரி, அடுத்து என்ன? மருந்துச்சீட்டில் அதற்குப் பதில் இல்லை. தேடியதில் மூன்று வழிகள் தெரிந்தன.

முதலாவது, மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் சி.பி.எல்.ஐ. என்ற போதைத் தடுப்புத் திட்டம். வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்து, அவர்கள் பகுதியில் இருக்கும் மற்றப் பிள்ளைகளிடம் பேச வைக்கிறார்கள். பழக்கம் ஒட்டுவதற்கு முன்பே தடுக்க நல்ல ஏற்பாடு. மாட்டிக்கொண்ட பிறகு, அதுவும் 18 தாண்டியவனுக்கு, அது பொருந்தவில்லை.

இரண்டாவது, ஸ்மார்ட் ரெக்கவரி என்ற தன்னுதவிக் குழு. அமெரிக்காவில் 1994-இல் தொடங்கியது. கடவுள் பேச்சு கிடையாது. இந்தப் பழக்கத்தால் எனக்குக் கிடைப்பது என்ன, போவது என்ன என்று தாளில் எழுதிப் பார்க்கச் சொல்வார்கள். அந்தத் தாள் தம்பிக்கு உண்மையிலேயே உதவியது. ஆனால் நாங்கள் சேர்ந்த ஆன்லைன் கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. மனசில் இருப்பதை ஆங்கிலத்தில் கொட்ட அவனுக்கு வரவில்லை.

மூன்றாவது, போதையிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் நார்காட்டிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக என்.ஏ. 1953-இல் கலிஃபோர்னியாவில் பிறந்தது, இன்று சென்னையிலும் கூடுகிறது. கட்டணம் இல்லை, வெளியார் நன்கொடையும் வாங்குவதில்லை. விட வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும், சேரலாம்.

நான் இந்தப் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் கூட்டம் அல்ல, கூட்டம் முடிந்த பிறகு வரும் நேரம். பழைய கூட்டாளி இரவு 11 மணிக்குப் போன் செய்வான். அப்போது அலுவலகம் திறந்திருக்காது, ஆலோசகரும் தூங்கியிருப்பார். என்.ஏ.வில் ஸ்பான்சர் என்று ஒருவர் உண்டு. தானும் விழுந்து எழுந்தவர், சம்பளம் வாங்காதவர். ஸ்மார்ட் ரெக்கவரியில் இந்த ஏற்பாடு இல்லை. தம்பியின் ஸ்பான்சரும் அதே மாத்திரையில் இருந்தவர்தான். ஒருநாள் இரவு அவன் தெருமுனையில் நின்று அவரைக் கூப்பிட்டான். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "எங்கே நிக்கிற? அப்படியே வீட்டுப் பக்கம் நட, பேசிக்கிட்டே போவோம்" என்றாராம். அக்கா நான் சொல்லியிருந்தால் போனை வைத்திருப்பான்.

மூன்றாம் மாதம் தம்பி மறுபடி மாத்திரையைத் தொட்டுவிட்டான். என்.ஏ.வில் போதை இல்லாமல் 30 நாள் இருந்தால் ஆரஞ்சு, 60 நாளுக்குப் பச்சை என்று சாவிக்கொத்தில் மாட்டும் வில்லை தருவார்கள். பச்சை வரை வாங்கியவன், புதியவர்களுக்குத் தரும் வெள்ளையை மறுபடி வாங்க வெட்கப்பட்டான். ஸ்பான்சர்தான் வீட்டுக்கு வந்து அழைத்துப் போனார். அன்றைக்குக் கைதட்டல் முதல் நாளைவிட அதிகம் என்று திரும்பி வந்து சொன்னான்.

குறைகளும் உண்டு. நாங்கள் போன இடத்தில் பெரும்பாலும் 40 தாண்டியவர்கள். முதல் வாரம் "எல்லாம் அங்கிள்தான்" என்று முகம் சுளித்தான். இறை சக்தி பற்றிய பேச்சு சிலருக்கு ஒத்துவராது. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தலாமா என்பதை மருத்துவரிடம் மட்டும்தான் கேட்க வேண்டும், ஸ்பான்சரிடம் அல்ல. பெண்களை அங்கே அரிதாகவே பார்த்தேன். தங்கைக்காகத் தேடியிருந்தால் இதையே தேர்ந்திருப்பேனா, உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

குடும்பத்தாரும் உட்காரக்கூடிய திறந்த கூட்டங்கள் உண்டு. நான் முதலில் தனியாகப் போய் ஒன்றில் உட்கார்ந்து கேட்டேன். அப்புறம்தான் தம்பியிடம் பேச்செடுத்தேன்.