கலை அறக்கட்டளைகளின் வீடியோ வேலையில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி: எட்டு ஆண்டு அனுபவம்

கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த நான், 2017இலிருந்து பெரும்பாலும் அறக்கட்டளைகளுக்குத்தான் படம் எடுத்துக் கொடுக்கிறேன். தேவாரப் பாடசாலைகள், கிராமத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறவர்கள், நாதஸ்வரக் குடும்பங்களுக்கு உதவும் சிறு அமைப்புகள் என்று வேலை வருகிறது. இதற்குள் மூன்று கேமராக்களை மாற்றிவிட்டேன். உள்ளங்கையில் அடங்கும் ஓர் ஒலிப்பதிவுக் கருவியை மட்டும் மாற்றவில்லை. எட்டு வருடம் அதனோடு புழங்கியதில் தெரிந்துகொண்டதை, இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. இந்த வகைக் கருவி எதற்கும் இது பொருந்தும்.

முதல் வேலை சீர்காழிப் பக்கம் ஒரு தேவாரப் பாடசாலை. கல் மண்டபத்தில் பதினோரு பிள்ளைகள் உட்கார்ந்து பாடினார்கள். பன்னிரண்டு அடி தள்ளிக் கேமரா, அதன் தலையிலேயே மைக். படம் அழகாக வந்திருந்தது: தூண்களுக்கு நடுவே சாய்ந்த வெயில், பளிச்சென்ற திருநீறு. பாட்டு மட்டும் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. பாடசாலைப் பெரியவர் முழுதும் பார்த்துவிட்டு, "பிள்ளைகள் என்ன பாடுகிறார்கள் என்றே புரியவில்லையே, தம்பி" என்றார். அந்த ஒரு பதிகத்தைப் பண்ணோடு சொல்லிக்கொடுக்க அவருக்கு நான்கு மாதம் ஆகியிருந்தது. மறுவாரமே கருவியை வாங்கினேன். திரும்பப் போய் என் செலவில் மறுபடி எடுத்துக் கொடுத்தேன்.

கருவியின் தலையில் குறுக்காக வைத்த இரண்டு மைக்குகள் இருக்கின்றன. கீழே வெளி மைக் இரண்டைச் செருகலாம். அவற்றுக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தையும் அதுவே கொடுக்கும். பதிவின் தரத்தை நான் எப்போதும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வைத்திருப்பேன். ஸ்டீரியோ பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி பிடிக்கும். இன்றைய மெமரி கார்டுக்கு இது ஒன்றுமே இல்லை. அதனால் பதிவை நிறுத்த அவசரப்படவே தேவையில்லை. இந்த எட்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல பதிவுகளில் பாதி, கேமராவை அணைத்த பிறகு கிடைத்தவை.

மைக்கைப் பாடுகிறவருக்கு நெருக்கமாகக் கொண்டுபோவதுதான் இந்தக் கருவியின் முழுப் பயன். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். கல் மண்டபத்தில் நேராக வரும் குரல் அப்படிக் குறைய, சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியோ குறையாமல் நிற்கும். நீளமான ஷாட்கன் மைக்கைத் தூரத்திலிருந்து நீட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வயல்வெளியில் அது உதவும். மண்டபத்துக்குள் எதிரொலியையும் சேர்த்து வாரிக்கொண்டு வரும். ஓதுவாரின் மடிக்கு முன்னால் ஒரு துண்டை நாலாக மடித்து அதன்மேல் இந்தக் கருவியை வைத்துவிட்டுக் கேமராவை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோங்கள்.

தவில்தான் கடுமையான பரீட்சை. விரலில் கூடு போட்டு வலந்தலையில் (தவிலின் வலப்பக்கம்) விழும் அடிக்கு ஏற்பப் பதிவு அளவை வைத்தால், அடுத்து நாதஸ்வரம் தனியாக ஆலாபனை எடுக்கும்போது சன்னமாகிவிடும். ஆலாபனைக்கு வைத்தால், தவில் முத்தாய்ப்பாக வாசிக்கும் தீர்மானத்தில் ஒலி உடைந்துவிடும். உடைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் ஒட்டவைக்க முடியாது. இந்தக் கருவியில் 12 டெசிபல் குறைத்து இன்னொரு பிரதியையும் கூடவே எழுதும் வசதி உண்டு. முதல் இரண்டு வருடம் அதை நான் தொடவே இல்லை. இப்போது அது இல்லாமல் பதிவைத் தொடங்குவதில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் மிகப் பெரிய ஒலி வித்தியாசத்தையும் பதிவு செய்யும் 32 பிட் ஃப்ளோட் கருவியை வாங்கலாம், அதில் கோப்பு உடையாது. ஆனால் மைக்கே தாங்காத அளவுக்கு ஒலி வந்தால் அதுவும் காப்பாற்றாது. தவிலுக்கு அரை அடியில் மைக்கை வைக்கக் கூடாது.

குறைகளையும் சொல்லவேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஒலி அளவைத் திருகும் குமிழ் கரகரக்கத் தொடங்கிவிட்டது. இருமுறை பிரித்துத் துடைத்தேன். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. காவிரிக் கரையில் காற்றுக்கு ரோம உறை போடாமல் எடுத்த எதுவும் தேறவில்லை. பேட்டரியைக் கழற்றி வைத்தால் தேதி அழிந்து, எல்லாக் கோப்பும் ஒரே நாளில் பிறந்ததாகக் காட்டும். அதனால் பதிவின் தொடக்கத்தில் ஊர், நாள், கலைஞர் பெயரை என் குரலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெரிய குறை, நேரம் நழுவுவது. தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூரில் வைகாசியில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கும். தெலுங்கு நாடகங்கள், பெண் வேடமும் ஆண்களே கட்டுவார்கள், இரவு முழுக்க ஆடுவார்கள். கேமராவின் கடிகாரமும் கருவியின் கடிகாரமும் வேறு வேறு. மணிக்கு இரண்டு பிரேம் அளவு விலகியது. முதல் அரை மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. பின்னிரவுக் காட்சிகளில் வாய் ஒருபக்கம், பாட்டு ஒருபக்கம். இப்போது ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் ஒருமுறை கைதட்டி, எடிட்டிங்கில் காட்சிவாரியாகப் பொருத்துகிறேன். வேலை கூடுதல்தான், செய்துதான் ஆகவேண்டும்.

பம்புசெட் பற்றி ஒரு வார்த்தை. மண்டபத்துக்குப் பின்னால் மோட்டார் ஓடினால் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள் என்று சிலர் சொல்வார்கள். குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்கிற நேரத்தில் அப்படிக் கேட்க எனக்கு மனம் வராது. நாங்கள்தான் இடத்தை மாற்றிக்கொள்வோம். எந்த இடமானாலும் ஒருவரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறுமனே பதிவு செய்துகொள்வேன். வெட்டிய இடங்களில் அடியில் போட அந்த ஒரு நிமிடம் வேண்டும்.

பணம் வரும் மாதமும் கலை நடக்கும் மாதமும் ஒன்றாக இருப்பதில்லை என்பது இந்த வேலையில் எனக்கு நெடுநாள் மனக்குறை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. கலை, பண்பாடு, கல்வி எல்லாம் அதில் அடங்கும். எனக்கு வந்த வேலைகளில் அந்தப் பணம் பெரும்பாலும் ஜனவரியில் கைக்கு வரும். மார்ச் 31க்குள் கணக்கு முடிக்கவேண்டும். தை, மாசியில் முகூர்த்தம் அடுத்தடுத்து வரும்போது எந்த நாதஸ்வர வித்வான் ஒரு நாள் முழுக்க நமக்காக உட்கார்வார்? மெலட்டூருக்கோ வைகாசிதான் காலம். கேமரா, விளக்கு, உதவியாள் என்று கிளம்ப முன்பணம் வேண்டும். இந்தக் கருவியோடு கிளம்ப பஸ் டிக்கெட் போதும். அறக்கட்டளையின் வேலை உத்தரவு வருவதற்கு முன்பே ஒலியைச் சேர்த்து வைத்துவிடலாம். படத்தை மார்ச்சில் எடுத்துக்கொள்ளலாம். நான் செய்துகொடுத்தவற்றில் மூன்று படங்கள் இப்படித்தான் உருவாயின.

அப்படி ஒருமுறை நரசிங்கம்பேட்டைக்குப் போனேன். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்கு மறுவருடம். பழைய வீட்டை இடித்தபோது கிடைத்த ஆச்சா மரத்தில் கடைந்த உலவு (நாதஸ்வரத்தின் நீண்ட குழல்) ஒன்று தயாராக இருந்தது. அதை வாசித்துப் பார்க்க ஒரு வித்வான் வந்திருந்தார். வாத்தியத்தில் கட்டித் தொங்கிய சீவாளிகளில், அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுகளில், ஒன்றை எடுத்தார். வாயில் வைத்து நனைத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்ல அழுத்தி, குச்சியை உள்ளே விட்டுச் சீவாளியின் வாயைச் சற்று விரித்தார். வாத்தியத்தில் பொருத்தாமல் சீவாளியை மட்டும் ஊதினார். வாத்துக் குரல்போல் ஒரு சத்தம். தலையை ஆட்டிவிட்டு மறுபடி அழுத்தினார். நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ அந்தச் சத்தத்தின் கரகரப்பு போய் உள்ளே ஒரு மணி அடித்ததுபோல் தெளிந்தது. அப்போதுதான் வாத்தியத்தின் உச்சியில் இருக்கும் கெண்டையில் செருகினார். கருவி அவர் முழங்காலுக்கு ஓரடி தள்ளிப் பாயில் இருந்தது. நான் ஹெட்போனோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அறக்கட்டளைக்குக் கொடுத்த எட்டு நிமிடப் படத்தில் அது இல்லை. டிரோனில் எடுத்த காவிரிப் படுகையும் நன்கொடையாளரின் உரையும் வேண்டும் என்றார்கள், இடம் போதவில்லை. ஆனால் ஹார்ட் டிஸ்கில் வெட்டாத மூலப்பதிவு முழுவதையும் சேர்த்துக் கொடுத்திருந்தேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு உடன்பாடு இல்லாத வரையில், பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர். அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு, நிகழ்த்திய கலைஞருக்கும் தனியாக உரிமை தருகிறது. அதனால் மூலப்பதிவு யாரிடம் இருக்கும், எதற்குப் பயன்படும் என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, கலைஞருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறேன். அந்த வித்வான் படித்ததைக் கேட்டுவிட்டு, கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கொடுக்கவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

ஆறு மாதம் கழித்து அந்த அறக்கட்டளையின் நாதஸ்வர ஆசிரியர் போன் செய்தார். சீவாளியைச் சரிசெய்கிற அந்த நாற்பது விநாடியைத் தனியாக வெட்டித் தரமுடியுமா என்றார். எந்த இடத்தில் அழுத்துவதை நிறுத்தவேண்டும் என்பதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லையாம். மாணவர்களுக்குப் போட்டுக் காட்டவேண்டுமாம். அன்று மாலையே அனுப்பினேன். அதன் பிறகு விலைப்புள்ளி எழுதும்போது, படத்தின் நீளத்துக்கு முன்னால் "வெட்டாத ஒலிப்பதிவு முழுவதும், கலைஞர் பெயர், நாள், இடக் குறிப்புடன்" என்று முதல் வரியாக எழுதுகிறேன். கருவியின் பேட்டரி மூடி போன மாதம் உடைந்துவிட்டது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கிறேன். வரும் வைகாசிக்கு மெலட்டூருக்கும் அதையேதான் எடுத்துக்கொண்டு போகிறேன்.