மாருதி 800க்கு வீட்டிலேயே பெயின்ட், வீட்டிலேயே இன்ஜின் வேலை: ஐந்து வருடம் கழித்து எது மிஞ்சியது?

எங்கள் வண்டி 2004 மாடல் மாருதி 800, ஏசி. அப்பா வாங்கியது. பதினைந்து வருடம் முடிந்து 2019இல் ஆர்.சி.யைப் புதுப்பித்தோம். இன்னும் ஐந்து வருடம் இதில்தான் என்று முடிவான பிறகுதான் உள்ளே உட்கார்ந்து நிதானமாகச் சுற்றிப் பார்த்தேன். சாம்பல் நிற டேஷ்போர்டு திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. கதவுப் பிளாஸ்டிக்கில் கீறல். ஏசி வென்ட் ஓரமெல்லாம் பழுப்பு. டிங்கர் கடையில் விசாரித்தால், வண்டியை விற்றால் கிடைப்பதில் கால்வாசியைக் கேட்டார்கள். சரி, நாமே அடித்துவிடலாம் என்று 2020 பொங்கல் விடுமுறையில் இறங்கினேன். உள்ளே முடித்த கையோடு பானெட்டுக்குள்ளும் கையை விட்டேன்.

அடித்த மறுநாள் எடுக்கிற போட்டோவில் எல்லா பெயின்ட்டும் அழகாகத்தான் இருக்கும். ஐந்து வருடம் தாம்பரம் வெயிலில் நின்ற பிறகு எது மிஞ்சியது என்பதைச் சொல்கிறேன்.

சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கியவை இவை: மேட் கறுப்பு ஸ்ப்ரே கேன் ஐந்து, பிளாஸ்டிக் ப்ரைமர் இரண்டு, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் ஒரு லிட்டர், 400, 600 நம்பர் வாட்டர் பேப்பர் (ஈரத்தில் தேய்க்கிற உப்புத்தாள்), மாஸ்கிங் டேப். 3,400 ரூபாய் ஆனது. நிறத்தில் ஆசைப்படாதீர்கள். டேஷ்போர்டின் மேல்பக்கம் வெளிர் நிறமாகவோ பளபளப்பாகவோ இருந்தால் முன்கண்ணாடியில் அப்படியே பிரதிபலிக்கும். மத்தியானம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட்டும்போது கண் கூசும். மேட் கறுப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுதான், ஸ்டைல் இல்லை.

கிளவ் பாக்ஸ் மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு அம்புக்குறிக்கு நடுவே பி.பி. என்று அச்சு. பாலிப்ரோப்பிலீன், அதாவது சமையலறை டப்பாக்கள் செய்கிற அதே பிளாஸ்டிக். அதன் மேல் பெயின்ட் லேசில் பிடிக்காது. காய்ந்த பிறகு நகத்தால் நெம்பினால் பாலாடை மாதிரி வந்துவிடும். கடையில் பிளாஸ்டிக் ப்ரைமர் என்ற ஒரே பெயரில் இரண்டு வகை தருவார்கள். ஒன்று சாம்பல் நிறத்தில் மேற்பரப்பை மூடும். இன்னொன்று தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல், பெயின்ட்டைப் பிடிக்க வைக்க மட்டும். பி.பி.க்கு இரண்டாவதுதான் வேண்டும். எனக்கு இது பாதி வேலை முடிந்த பிறகுதான் தெரிந்தது. அதனால் இடதுபக்கக் கதவுகளில் சாம்பல் ப்ரைமர், வலதுபக்கத்தில் நிறமில்லாதது. தெரியாமல் செய்த பரிசோதனை. ஒன்றரை வருடத்தில் இடதுபக்கம் ஓரங்களில் உரிய ஆரம்பித்தது. வலதுபக்கம் இன்றைக்கும் நிற்கிறது.

ப்ரைமரைவிடப் பெரிய எதிரி வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பா டேஷ்போர்டைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார். மற்ற நாளில் கடைப் பாலிஷ். பதினைந்து வருட எண்ணெயும் பாலிஷில் இருக்கிற சிலிக்கோனும் அந்தப் பிளாஸ்டிக்கின் சொரசொரப்புக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தன. முதல் கோட் அடித்த இரண்டு நிமிடத்தில் பெயின்ட் அங்கங்கே விலகி, வட்டவட்டமாகக் குழி விழுந்தது. பெயின்டர்கள் இதை ஃபிஷ் ஐ என்பார்கள். பார்த்தால் உண்மையிலேயே மீன் முழிக்கிற மாதிரிதான் இருக்கும். எல்லாவற்றையும் துடைத்தெடுத்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்து மூன்று முறை தேய்த்தேன். பிறகு ஆல்கஹால், பிறகு வாட்டர் பேப்பர், மறுபடி ஆல்கஹால். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருளாமல் படலமாகப் பரவுகிற வரை விடவில்லை. பெயின்ட் அடிக்க ஆனது மொத்தம் மூன்று மணி நேரம். தேய்க்க ஆனது இரண்டு நாள்.

அடுத்த கூத்து போகி அன்று. 2020இல் ஜனவரி 14. கதவுப் பாகங்களை மொட்டை மாடிக் கொடியில் கம்பி கட்டித் தொங்கவிட்டிருந்தேன். காலை ஆறரைக்கு இரண்டாவது கோட் அடித்து நிமிர்ந்தால் தெரு முழுக்கப் புகை. யாரோ டயரைக் கொளுத்தியிருந்தார்கள். ஈர பெயின்ட்டில் கரித்துகள் கொசு மாதிரி வந்து ஒட்டியது. போதாததற்கு மார்கழிப் பனி. ஈரக்காற்றில் அடித்ததால் கறுப்பு வெளிறி, மேலே சாம்பல் பூத்துவிட்டது. அவ்வளவையும் 600 நம்பரால் தேய்த்து, மாட்டுப் பொங்கல் அன்று உச்சி வெயிலில் மறுபடி அடித்தேன். 25 சென்டிமீட்டர் தள்ளி நின்று, மெல்லிசாக மூன்று கோட், நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு. தடிமனாக ஒரே கோட் அடித்தால் வழியும். ஓரங்களும் பருக்கும். என் கிளவ் பாக்ஸ் மூடி ஓரத்தில் பெயின்ட் ஏறி, இன்றுவரை உதட்டைக் கடித்துக்கொண்டுதான் மூடுகிறது.

ஹார்டனர் கலந்து அடிக்கிற டூகே பெயின்ட் நெடுநாள் உழைக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவே வரலாம். சரியான முகமூடியும் காற்று வசதியும் இல்லாமல் வீட்டில் தொடக்கூடாத சாமான். அதனால் சாதாரண அக்ரிலிக் கேனோடு நின்றேன். அதற்கும் துணி மாஸ்க் போதாது, கரி கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும். வாசனை போக மூன்று வாரம் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கியே வைத்திருந்தோம். மனைவி ஒரு மாதம் ஏறவில்லை. "என்னங்க இது, வண்டியா பெயின்ட் டப்பாவா?" என்றாள்.

அக்ரிலிக்கோடு நின்றதற்கான விலையை மூன்றே மாதத்தில் கொடுத்தேன். மார்ச்சில் ஊரடங்கு வந்தது, கூடவே சானிடைசரும். கையில் தேய்த்துக்கொண்டு ஈரம் காய்வதற்குள் கியர் பிடியைத் தொட்டால் பெயின்ட் இளகிப் பிசுபிசுக்கும். ஆல்கஹால் அக்ரிலிக்கைக் கரைக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வருடம் ஊரே ஆல்கஹாலில் கை கழுவப்போகிறது என்று யாருக்குத் தெரியும்? கதவைத் திறக்கும் உள்கைப்பிடி, கண்ணாடி இறக்கும் கைப்பிடி, கியர் பிடி எல்லாம் எட்டு மாதத்தில் பழைய சாம்பலுக்குத் திரும்பிவிட்டன. கை படுகிற எதற்கும் கேன் பெயின்ட் அடிக்காதீர்கள். கைப்பிடி புதுப்பேட்டையில் புதிதாகவே கிடைக்கிறது. கழற்றும்போது உடைகிற கிளிப்பும் அங்கேயே சில்லறைக்குக் கிடைக்கும், ஒரு பத்து கூடுதலாக வாங்கி வையுங்கள்.

டேஷ்போர்டின் மேல்பக்கம்தான் முதலில் போகும் என்று நினைத்திருந்தேன். வெயில் நேராக விழுகிற இடம். ஆனால் ஐந்து கத்திரி தாண்டியும் அது நன்றாகவே இருக்கிறது. லேசாக வெளுத்திருக்கிறது, உரியவில்லை. காரணம், அங்கே யாரும் கை வைப்பதில்லை. ஒரே ஒரு இடம் தவிர. பிள்ளையாரை இரண்டுபக்க டேப்பால் ஒட்டியிருந்தோம். 2022இல் அவரை இடம் மாற்ற எடுத்தால், அடியில் இருந்த பெயின்ட்டும் டேப்போடு சேர்ந்து வந்தது. தும்பிக்கையும் தொப்பையுமாக இல்லை, சும்மா ஒரு முட்டை வடிவச் சாம்பல் வட்டம். மறுபடி அங்கேயே உட்கார வைத்துவிட்டோம். அவர் இருக்கிறவரை யாருக்கும் தெரியாது.

முக்கியமான ஒன்று: 800இல் ஏர்பேக் கிடையாது, அதனால் துணிந்து அடித்தேன். ஏர்பேக் இருக்கிற வண்டியில் ஸ்டியரிங் நடுப்பகுதியையும் டேஷ்போர்டில் அது வெடித்துத் திறக்கிற இடத்தையும் தொடவே வேண்டாம்.

இனி பானெட்டுக்குள். இங்கே செய்தவற்றில் பெரும்பாலானவை கழன்றுவிட்டன. முதலில் வால்வு கவர், இன்ஜினின் மேல்மூடி. சூடு தாங்கும் சில்வர் பெயின்ட் வாங்கி, மண்ணெண்ணெயால் ஆயில் பிசுக்கைத் துடைத்துவிட்டு அடித்தேன். மண்ணெண்ணெய் தன் பங்குக்கு ஒரு படலத்தை விட்டுப்போகும் என்பது உறைக்கவில்லை. ஒரு மாதத்தில் அப்பளம் மாதிரி பொரிந்து நின்றது. அடுத்து, சத்தம் குறைய பானெட்டின் உள்பக்கம் ஒட்டிய அலுமினிய ஃபோம் ஷீட். மே மாத வெயிலில் பசை இளகி, நடுவில் தொட்டில் மாதிரி தொங்கி இன்ஜினைத் தொடப்பார்த்தது. கருகல் வாடை வந்து திறந்து பார்த்ததால் தப்பித்தேன்.

அப்புறம் அந்த பி.வி.சி. குழாய். ஏர் ஃபில்டருக்குக் குளிர்ந்த காற்று வரட்டும் என்று ஹார்டுவேர் கடையில் இரண்டரை இஞ்ச் குழாயும் இரண்டு எல்போவும் வாங்கி, பம்பருக்குப் பின்னால் கீழே வரை இறக்கினேன். இன்ஜின் சத்தம் கொஞ்சம் கம்பீரமாக மாறியது, மைலேஜ் லிட்டருக்கு 16இலேயே நின்றது. பி.வி.சி. 80 டிகிரியை நெருங்கினாலே இளகுகிற ஜாதி. டிராஃபிக்கில் ஏசி போட்டு நின்றால் பானெட்டுக்குள் எவ்வளவு வெந்துபோகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வட்டக் குழாய் ஆறு மாதத்தில் முட்டையாகிவிட்டது. 2020 நவம்பரில் நிவர் புயல் வருகிறது என்று அறிவித்த அன்றுதான் அடிவயிறு கலங்கியது. குழாயின் வாய் தரையிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. தேங்கிய தண்ணீரில் இறக்கினால் உறிஞ்சி இன்ஜினுக்குள் விட்டுவிடும், பிஸ்டன் தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். மழைக்கு நடுவே குடையைப் பிடிக்கச் சொல்லிக் கழற்றி, கம்பெனி டப்பாவையே திரும்ப மாட்டினேன். அந்தக் குழாய் இப்போது மாடித்தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விடுகிறது.

உருப்படியாக நின்றவை இரண்டு, இரண்டுமே பார்க்க ஒன்றுமில்லாதவை. ஒன்று ஹெட்லைட் ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடுகிற ஸ்விட்ச். பழைய வண்டிகளில் விளக்குக்குப் போகிற மின்சாரம் முழுவதும் ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வரும். அந்த மெல்லிய ஒயரிலேயே பாதி வெளிச்சம் போய்விடும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது, இன்ஜின் ஓடுகையில் பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பு முனையில் 11.4. இரண்டு 30 ஆம்பியர் ரிலே, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி 15 ஆம்பியர் ஃப்யூஸ். ஸ்விட்ச் இனி ரிலேயைத் தட்டிவிட மட்டும். பல்பு முனையில் 13.2 வந்தது. அதே 60/55 வாட் பல்புதான், இரவில் வேறு வண்டி ஓட்டுகிற மாதிரி இருந்தது. 130 வாட் பல்பு போடச் சொல்லி ஆசை காட்டுவார்கள், வேண்டாம். எதிரே வருபவர் கண் போகும், ரிஃப்ளெக்டரும் பொசுங்கும். வழக்கும் வரலாம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு அபராதம் உண்டு.

இந்த ரிலேயும் ஒரு வாரம் படுத்தியது. இடது விளக்கு மினுக் மினுக் என்றது. தெரு முனை ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, எர்த் போல்ட்டுக்கு அடியில பெயின்ட் அடிச்சிருக்கியே, கரண்ட் எப்படிப் போகும்?" என்றார். ஃபெண்டர் உள்பக்கத்துக்குக் கறுப்பு அடித்த உற்சாகத்தில் எர்த் இடத்தையும் மூடியிருந்தேன். வெறும் தகடு தெரியச் சுரண்டி இறுக்கியதும் சரியானது.

இன்னொன்று எலி வலை. 2021 மழைக்காலத்தில் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரின் ஒயரை எலி கடித்தது. மூன்று சிலிண்டரில் ஒன்று போனால் வண்டி மாவு கிரைண்டர் மாதிரி உதறும். புகையிலை, நாப்தலின் உருண்டை எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று, எலிக்குப் பழகிவிட்டது. அரை இஞ்ச் கட்டமுள்ள இரும்பு வலையை வெட்டி, இன்ஜினுக்கு அடியில் வீல் ஆர்ச் வரை வளைத்துக் கட்டினேன். முதலில் வெள்ளை நைலான் டை, சூட்டில் காய்ந்து ஒடிந்தது. பிறகு ஸ்டீல் டை. ஆயில் மாற்றுகிற இடத்தில் மட்டும் கழற்றுகிற மாதிரி ஒரு சன்னல். 400 ரூபாய் வேலை. அதற்குப் பிறகு ஒரு ஒயர்கூடப் போகவில்லை.

2024இல் ஆர்.சி. மறுபடி காலாவதி. புதுப்பிக்கும் கட்டணம் இடையில் 600இலிருந்து 5,000 ஆகியிருந்தது. போவதற்கு முந்தின நாள் சேஸிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுக்க பானெட்டைத் திறந்தால், நம்பரையே காணோம். ஃபயர்வாலில், அதாவது இன்ஜினுக்கும் உள்ளே உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில், குத்தியிருந்த எழுத்துகளின் குழியெல்லாம் என் கறுப்பு பெயின்ட். அப்பா ஒன்றும் பேசாமல் தின்னரும் டூத் பிரஷ்ஷும் எடுத்து வந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்தார். முக்கால் மணி நேரம். கடைசி எழுத்து வெளிவந்ததும், "எல்லாத்தையும் மறைச்ச, இதையுமாடா?" என்றார். பேப்பரை வைத்துப் பென்சிலால் உரசினேன், தெளிவாக விழுந்தது. இப்போது அங்கே ஒரு கை அகலத்துக்கு மட்டும் பெயின்ட் கிடையாது. துருப்பிடிக்காமல் இருக்க மாதம் ஒருமுறை அப்பாவே கிரீஸ் தடவுகிறார்.