முட்டியில் ஒட்டிய கொலாஜன் சவ்வு: சில வருடங்கள் கழித்து

பூப்பந்து ஆடி முட்டியைக் கெடுத்துக்கொண்ட நம் பினாங்கு ஆட்கள் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, அந்தச் சவ்வு வெச்சீங்களே, தேவலாமா?" நடக்க, வேலைக்குப் போக, கார் ஓட்டத் தேவலாம். பழைய முட்டி மட்டும் கிடைக்கவில்லை.

தொடை எலும்பின் முனையில் இருபது காசு அகலத்துக்குக் குருத்தெலும்பு பெயர்ந்திருந்தது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அடி எலும்பில் சிறு துளைகள் போட்டு, கொலாஜன் என்ற புரதத்தால் ஆன சவ்வை அளவாக வெட்டி ஃபைப்ரின் பசையால் ஒட்டினார்கள். குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது, அதனால் தானாக ஆறாது. துளை வழியே மஜ்ஜையிலிருந்து கசிந்து வரும் ஸ்டெம் செல்கள் தங்கி வளரத்தான் இந்தச் சவ்வு. பிறகு அது கரைந்துவிடும். சவ்வு இல்லாமல் வெறும் துளை மட்டும் போடும் மைக்ரோஃபிராக்சர் முறை 1980களிலேயே வந்துவிட்டது. எதுவானாலும் வளர்வதில் பெரும்பகுதி நார்க்குருத்தெலும்பு. பிறவியில் வந்ததைப் போல உழைக்காது.

இந்தக் கொலாஜன் பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுப்பது. எனக்கு அதை யாரும் வாயால் சொல்லவில்லை, சம்மதப் பாரத்தில் பொடி எழுத்தில் இருந்தது. பக்கத்துக் கட்டில் பாய் விவரமானவர். முன்கூட்டியே கேட்டு, பன்றிக் கொலாஜனுக்குப் பதிலாக ஹயலூரானிக் அமிலத்தில் செய்ததை வைக்கச் சொல்லிவிட்டார். நீங்களும் கேட்டுவிடுங்கள்.

ஆபரேஷனைவிடப் பின்னால் வருவதுதான் பெரும்பாடு. வாரக்கணக்கில் ஊன்றுகோல். தொடை சூம்பிப்போய், பேண்டின் அந்தக் கால் மட்டும் தொளதொளவென்று ஆடியது. பிசியோ தங்கச்சி விடவில்லை: "ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல, மறக்காதீங்க அண்ணே!" இன்றும் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளை ஏறிவிடுகிறேன், இறங்கும்போதுதான் முட்டி முரண்டு பிடிக்கிறது. சப்பணமிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தூணைத் தேட வேண்டும். மட்டை பரணுக்குப் போய்விட்டது. டாக்டர் தடுக்கவில்லை, எனக்குத்தான் குதிக்கத் துணிச்சல் இல்லை.

என்னைப் பார்த்துவிட்டு அம்மா, "எனக்கும் அதையே ஒட்டச் சொல்லேன்டா" என்றார். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் கையை விரித்துவிட்டார். சுற்றிலும் நல்ல குருத்தெலும்பு இருந்தால்தான் ஒட்டுப் போட ஓரம் கிடைக்குமாம். முட்டி முழுக்கத் தேய்ந்தவர்களுக்கு மாற்று மூட்டுதான் வழி; அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.